இருபத்து மூன்று ஒரே மகள்கள்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் இன்றும் பேச்சை மாற்றப் பார்ப்பேன். வேலை ஒன்றும் கேவலமானதில்லை. (திருடவில்லை, வட்டிக்கு விடவில்லை.) ஆனால் ஒருமுறை ஒரு கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய் நான் பட்ட பாட்டை நினைத்தால் காது இப்போதும் சூடாகிறது.

வலைத்தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் என் வேலை. நீங்கள் போனில் 'பந்தல் வாடகை' என்று தட்டினால் நூறு கடை வரும். அதில் எனக்குக் காசு கொடுத்தவரின் கடை முதலில் வர வேண்டும். அவ்வளவுதான். அம்மா இதைக் குருவிநத்தம் முழுக்க இப்படிச் சொல்லி வைத்திருந்தாள்: "எம் பையன் கம்ப்யூட்டர்ல கடைங்கள மேல ஏத்தி வுடறான்." நான் எங்கேயோ லோடு ஏற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இடுப்பப் பாத்துக்கப்பா" என்று அக்கறையாகச் சொன்னவர்கள் உண்டு.

புதுச்சேரி டவுனில் ஒரு மாடியில் மூன்று மாதம் பாடம் படித்துவிட்டு வந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் என் தாய்மாமா ஏழுமலை. பாகூரில் பந்தல், சாமியானா, சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை அவருடையது. மாமாவுக்கு நெட் என்றால் மீன் வலைதான் தெரியும். ஆனாலும், "நம்ம புள்ள படிச்சிட்டு வந்துருக்கான், அவன் இன்னா செய்யணுமோ செய்யட்டும்" என்று கடையின் பெயரை என் கையில் கொடுத்தார். அந்த நம்பிக்கையை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஊருக்கும் தனிப் பக்கம் போட்டால் அந்தந்த ஊர்க்காரர்கள் தேடும்போது நம் கடை வரும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் ஒரே ஒரு பக்கம் எழுதினேன். 'வயல்கள் சூழ்ந்த எழில்மிகு பாகூரில், கோயில் குளத்துக்கு எதிரே, முப்பது ஆண்டுகளாக உங்கள் ஊரிலேயே இயங்கும் எங்கள் பந்தல் கடை' என்று அது ஆரம்பிக்கும். பிறகு அதை இருபத்து மூன்று தடவை நகலெடுத்து, பாகூர் என்று இருந்த இடத்தில் ஒவ்வொரு ஊரின் பெயரையும் மாற்றிப் போட்டேன். ஒரே சாயங்காலத்தில் மாமாவுக்கு இருபத்து மூன்று ஊரில் கிளை முளைத்தது. கடலோர மீனவ ஊரான மணப்பட்டைக்கூட வயல்கள் சூழ்ந்துகொண்டன. எங்கள் ஊர்ப் பக்கம் பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும், அது முடிந்து மறுபடி புதுச்சேரி வரும். நான் எல்லையெல்லாம் பார்க்கவில்லை, எல்லா ஊரிலும் குளம் வெட்டிக் கோயில் கட்டிவிட்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தின் கீழே வாடிக்கையாளர் பாராட்டு என்று ஒன்று வேண்டுமே! அதையும் நானே எழுதினேன். 'என் ஒரே மகளின் திருமணத்துக்கு இவர்கள்தான் பந்தல் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.' ஒரே மகள் என்று போட்டால் படிக்கிறவர் மனம் உருகும் என்பது என் கணக்கு. ஊருக்கொரு அப்பா பெயர் மட்டும் மாறும். பக்கத்தில் ஒரு மணப்பெண் படம். ஓசியில் கிடைத்த வடநாட்டுப் பெண். முக்காடு மூக்குக்குக் கீழே தொங்குவதால் யார் எவர் என்று தெரியாது. (அப்போது அது பெரிய வசதியாகப் பட்டது.)

இந்த அநியாயம் பலித்தது! இரண்டே மாதத்தில் 'பாகூர் பந்தல்' என்று தட்டினால் மாமா கடைதான் முதலில் வந்தது. போன் மேல் போன். மாமா என்னைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நிறுத்திவைத்துக் காட்டினார். நானும் தலைக்கனம் ஏறி, வீதியில் கொஞ்சம் சாய்ந்தே நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பண்டசோழநல்லூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் பெயர் வனிதா. தொழிற்பேட்டையில் மாத்திரை கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. போட்டோவில் அவள் சிரிக்கவில்லை. கேமராவையே 'நீ சரியாகத்தான் வேலை செய்கிறாயா' என்று பார்ப்பது போல இருந்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடித்துப்போயிற்று. அதற்கு முன் மூன்று வீட்டில் 'பையன் வேலை இன்னான்னே புரியல' என்று தட்டிக் கழித்திருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று அம்மாவை விட எனக்குத்தான் பயம்.

பெண் பார்க்கப் போக இரண்டு நாள் இருக்கும்போது, தேடுபொறிக்காரர்கள் வரிசைப்படுத்தும் விதிகளைப் பெரிதாக மாற்றப்போகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. இது அவர்கள் அவ்வப்போது செய்வதுதான். இந்த முறை, ஒரே சரக்கைப் பெயர் மாற்றி ஒட்டிய பக்கங்கள் எல்லாம் கீழே தள்ளப்படும் என்று போட்டிருந்தது. அதெல்லாம் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் வியாபாரம் பண்ணுகிறவனுக்கு, பாகூர் சாமியானாவுக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். சனிக்கிழமை என் போனில் தேடிப் பார்த்தேன். மாமா கடைதான் முதலிடம். ஒரு நாளைக்கு நூறு தடவை அதையே தேடி அதையே அழுத்துகிறவனின் போன் அவனுக்குப் பிடித்ததைத்தான் முதலில் காட்டும். இது எனக்கே தெரியும். வகுப்பில் பரீட்சையே எழுதியிருக்கிறேன். ஆனால் கர்வம் பிடித்தவனுக்குப் படித்ததா ஞாபகம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில், மாமா ஓட்டிய குட்டி யானை லாரியில் கிளம்பினோம். முன்னால் அம்மாவும் மாமாவின் மனைவி அஞ்சலை அத்தையும். பின்னால் மடக்கி வைத்த சேர்களுக்கு நடுவே நானும் பூத்தட்டும். பெண் வீட்டில் எங்களை நன்றாகவே கவனித்தார்கள். கேசரி வந்தது. அதற்குப் பிறகு கேள்வியும் வந்தது.

பெண்ணின் அப்பா ராஜேந்திரன் விவசாயி. அதிகம் பேசாதவர். அவர் தம்பி, வனிதாவின் சித்தப்பா, அண்ணனுக்கும் சேர்த்துப் பேசுகிறவர். அவர்தான் கேட்டார்.

"தம்பி இன்னா வேல பாக்குதுன்னு தரகர் சொன்னாரு. எங்களுக்குத்தான் சரியாப் புரியல."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"கடைங்கள மேல ஏத்தறதுங்க."

"எங்க மேல?"

"நெட்டுலங்க. சொன்னாப் புரியாது, கையோட காட்டிடறேன். நீங்களே உங்க போன எடுங்க. பாகூர் பந்தல்னு போடுங்க. மொத கடை எங்க கடையா இல்லன்னா எம் பேர மாத்தி வெச்சிக்கறேன்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவளும் கேட்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டினார். பிறகு சத்தமாக வாசித்தார்.

"மொத வந்துருக்கறது... கடலூர்ல ஒரு கடை."

"கொஞ்சம் கீழ பாருங்க" என்றார் மாமா.

"ரெண்டாவது, பாகூர் ஏரி நெரம்பிடுச்சாம். மூணாவது... பாகற்காய்க்குப் பந்தல் போடுவது எப்படி."

"அத எடுத்து வையி, அப்பறம் பாக்கலாம்" என்றார் ராஜேந்திரன். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சித்தப்பா விடாமல் இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொன்றையும் தலைப்போடு வாசித்தார். மாமா கடை எங்குமே இல்லை. முந்தின நாள் வரை வாசலில் நின்ற கடையை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. நான் சிரிக்க முயன்றேன். உதடு ஒரு பக்கம்தான் போயிற்று. அமெரிக்காக்காரனுக்கு வந்த விதி பாகூருக்கும் வந்துவிட்டது என்பது கேசரித் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"டேய், கடை எங்கடா?" என்று மாமா என் காதில் கேட்டார். கடைச் சாவியைத் தொலைத்தவனிடம் கேட்கிற குரல்.

"அப்டேட் வந்துருக்கு மாமா."

"யாரு வந்துருக்கா?"

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்தார். "இருங்க, நம்ம ஊரு பேரப் போட்டுப் பாப்போம்" என்று 'பண்டசோழநல்லூர் பந்தல்' என்று தட்டினார். போட்டிக்கு வேறு ஆளே இல்லாத தேடல் அது. அங்கே மட்டும் எங்கள் பக்கம் குத்துக்கல் மாதிரி நின்றது.

"அட, வந்துடுச்சி!" என்றார் சித்தப்பா. மாமா தொடையைத் தட்டினார். அம்மா மூச்சு விட்டாள். நானும் ஒரு வாய் கேசரி எடுத்தேன்.

சித்தப்பா வாசிக்க ஆரம்பித்தார். "வயல்கள் சூழ்ந்த எழில்மிகு பண்டசோழநல்லூரில், கோயில் குளத்துக்கு எதிரே, முப்பது ஆண்டுகளாக..." என்று நிறுத்தினார். அண்ணனைப் பார்த்தார். "கொளத்துக்கு எதுத்தாப்ல நம்ம மாட்டுக் கொட்டாதான இருக்கு?"

நான் கேசரித் தட்டை ஓரமாக வைத்தேன். பக்கத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து போனைப் பிடுங்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் அங்கே வந்துவிட்டார்.

"ராஜேந்திரன், பண்டசோழநல்லூர்" என்று வாசித்தார் சித்தப்பா. "என் ஒரே மகளின் திருமணத்துக்கு இவர்கள்தான் பந்தல் போட்டார்கள்."



ராஜேந்திரன் தம்பியைப் பார்த்தார், பிறகு மாமாவை, பிறகு என்னை. "எம் பொண்ணுக்கு எப்பய்யா கல்யாணம் ஆச்சி?"

அந்த வினாடி பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அஞ்சலை அத்தை அதற்கும் அவகாசம் கொடுக்கவில்லை. எழுந்து போய்ச் சித்தப்பா கையிலிருந்த போனை எட்டிப் பார்த்து, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஊருக்கே கேட்கும்படிக் கேட்டாள்: "இன்னாங்க இது, பொண்ணுக்கு மின்னாடியே ஒரு கல்யாணம் ஆயிடுச்சா? தாலி கட்ன போட்டோவே போட்டுருக்குது. மொகத்த வேற மூடிகினு இருக்கா!"

"ஐயையோ!" என்று உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா ஓடிவந்தார். "எம் பொண்ணு மேல அபாண்டமாப் பேசாதீங்க. அவ வேலைக்குப் போவா, வூட்டுக்கு வருவா..." என்று அழவே ஆரம்பித்துவிட்டார். ராஜேந்திரன் முகம் கறுத்துப்போயிற்று.

மாமா சமாளிக்கப் பார்த்தார். "வேற ராஜேந்திரனா இருக்கும்ங்க. ஊருல எத்தினி ராஜேந்திரன் இல்ல!"

சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். "மூணு பேரு. ஒருத்தருக்கு நாலும் பையன். ஒருத்தருக்குக் கல்யாணமே ஆவல. இன்னொருத்தரு எங்கண்ணன்."

இப்போது எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டால், இந்தச் சம்பந்தம் போவது மட்டுமில்லை, இன்னும் நேரில்கூடப் பார்க்காத ஒரு பெண்ணின் பெயர் நான் எழுதிய இரண்டு வரியால் ஊருக்குள் நாறும். வாய் திறந்தால் நான் புளுகன் என்பது தெரிந்துவிடும், நாலாவது வீடும் போய்விடும். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதனால் வாயைத் திறந்தேன்.

"அந்த ராஜேந்திரன்னு யாருமே இல்லீங்க. நான் எழுதுனது. அந்தப் பொண்ணு யாருன்னு எனக்கே தெரியாது. வடநாட்டுக்காரங்க. இருபத்து மூணு ஊருக்கும் நானே இப்பிடி எழுதி வெச்சேன்."

"இருபத்து மூணு பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டியா?" என்றார் ராஜேந்திரன்.

"ஆமாங்க."

"எல்லாம் ஒரே மவளா?"

"ஆமாங்க."

எல்லோரையும் விட அதிகம் அதிர்ந்துபோனது என் மாமா. அந்தப் பாராட்டுகளை அவர் தினமும் கடையைத் திறந்ததும் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். இது எனக்கு அன்றுதான் தெரியும். "அந்த மணப்பட்டு ஆளு... அவ்ளோ நல்லா எழுதியிருந்தானேடா" என்றார் மெல்ல. "எந்தக் கல்யாணம்னு ஞாபகம் வரலியே, வயசாயிடுச்சின்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்." அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அப்போது கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமலேயே வனிதா வந்து நின்றாள். கையில் காபித் தட்டு இல்லை. கண் சிவந்திருந்தது. போட்டோவில் பார்த்த அதே பார்வை, இப்போது நேராக என் மேல்.

"கம்பெனியில நான் பாக்கற வேலையே இதாங்க" என்றாள். "அட்டையில ஒண்ணு, உள்ள ஒண்ணு இருந்தா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவோம். அந்தப் பக்கமெல்லாம் இப்ப அழிங்க. என் கண்ணு முன்னாடி அழிங்க."

"இப்பவேவா?"

"எம் பேரு எத்தினி நாளைக்கு அதுல கெடக்கணும்?"

அவள் பெயர் அதில் இல்லை என்று நான் நியாயம் பேசவில்லை. மாமாவைப் பார்த்தேன். பக்கங்களை அழித்தால் கடைக்கு மிச்சம் இருப்பதும் போகும். மாமா கையை ஆட்டினார். "அழிடா."

கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். வனிதா ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமும் போனதா என்று தன் போனில் சரிபார்த்தாள். சித்தப்பா எண்ணினார். மணப்பட்டு போனது. குருவிநத்தம் போனது. கடைசியில் பண்டசோழநல்லூர் போனதும், "இருபத்து மூணு" என்றார், கும்பாபிஷேகம் முடிந்த திருப்தியோடு. அஞ்சலை அத்தை போய் வனிதாவின் அம்மா கையைப் பிடித்து, "மன்னிச்சிக்கம்மா, என் வாயி இருக்குதே" என்றாள். பெண் பார்க்கப் போன ஒருவன் பெண்ணோடு அரை மணி நேரம் தோளோடு தோள் உட்கார்ந்து பேசாமலேயே வேலை பார்த்தது எங்கள் சொந்தத்தில் அதுதான் முதல் தடவை.

பூத்தட்டும் எங்களோடே திரும்பி வந்தது. அம்மா இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், ஆனால் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சித்தப்பாவிடமிருந்து போன். ஜாதகத்தைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

"பொண்ணுக்குச் சம்மதமாம்பா."

"ஏங்க?" என்று கேட்டுவிட்டேன். (மாப்பிள்ளை கேட்கிற கேள்வியா அது?)

"நாங்களும் அதான் கேட்டோம். மாட்டிகினதும் மத்தவங்க மாதிரி மழுப்பல, கேட்ட எடத்துலயே ஒத்துகினாரு, பாத்துக்கலாம்னு சொல்லுது. அண்ணந்தான் ஒரு கண்டிஷன் போட்டாரு. பந்தல் உங்க மாமாதான் போடணுமாம். ஓசியில."

மாமா தன்னால் முடிந்ததில் உயர்ந்த பந்தலாகப் போட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் பருவம் தவறிய மழை ஒன்று வந்து கொட்டியது. இரண்டு இடத்தில் ஒழுகியது. ஒன்று சமையல்காரர் தலையில். இன்னொன்று சரியாக என் மாமனார் தலையில்.

கடையின் வலைத்தளத்தில் இப்போது ஒரே பக்கம்தான். பொய்யை அழித்தோம் என்பதற்காகத் தேடுபொறி மாலை போட்டு வரவேற்கவில்லை. பல மாதம் பாகற்காய்க்குக் கீழேதான் கிடந்தோம். அதன்பின் அவர்கள் விதியை இன்னும் எத்தனையோ தடவை மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் அடுத்தவர் போனை வாங்கித் தேடிப் பார்ப்பேன். ஆனால் கடை மெல்ல மெல்ல ஏறி இப்போது மூன்றாவதோ நாலாவதோ வருகிறது. அதில் ஒரு பாராட்டு இருக்கிறது. மாமனார் சொல்லச் சொல்ல நான் எழுதியது. ஒரு எழுத்தை மாற்ற அவர் விடவில்லை: 'ராஜேந்திரன், பண்டசோழநல்லூர். என் ஒரே மகளின் திருமணத்துக்கு இவர்கள்தான் பந்தல் போட்டார்கள். இரண்டு இடத்தில் ஒழுகியது. சேர் நன்றாக இருந்தது. மாப்பிள்ளை பரவாயில்லை.'

வீட்டுக்குப் புதிதாக யார் வந்து, உங்களுக்குக் கல்யாணம் எப்படி அமைந்தது என்று கேட்டாலும் வனிதா காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "இது எனக்கு ரெண்டாவது கல்யாணங்க" என்று ஆரம்பிப்பாள். வந்தவர் காபியைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன்.

"மொத கல்யாணம் இவரு நெட்டுலயே முடிச்சி வெச்சிட்டாரு" என்பாள். "அதுல ஒரு சொட்டு ஒழுகல."